கம்ப்யூட்டர் செத்துவிட்டதா, சண்டை நடக்கிறதா?

வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் என்ன செய்கிறோம்? முதலில் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறோம். "நேற்று என்ன சாப்பிட்டாய்? எங்கே போயிருந்தாய்?" என்று கேட்கிறோம். அதன் பிறகுதான் டாக்டரிடம் போகிறோம். தலைவலி என்றதுமே ஆபரேஷனுக்கு யாரும் நாள் பார்ப்பதில்லை.

ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் இந்த நிதானம் நம்மிடம் இருப்பதில்லை.

காலையில் ஸ்விட்சைப் போடுகிறோம். விளக்கு எரிகிறது. உள்ளே விசிறி சுற்றுகிறது. திரையில் கம்பெனியின் பெயர் வருகிறது. அதற்கு மேல் ஓர் அடிகூட நகர மறுக்கிறது. பத்து நிமிஷம் காத்திருந்தாலும் அதே பெயர்தான். அணைத்துவிட்டு மறுபடி போட்டாலும் அதே கதைதான்.

"அப்பா, கம்ப்யூட்டர் போயிடுச்சு!" என்று பிள்ளை கத்துகிறான். அப்பா அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறார். "மதர்போர்டு போயிடுச்சு, அண்ணே. புதுசு வாங்கிடுங்க" என்கிறார் ஒரு கடைக்காரர். "பார்மட் அடிச்சுப் பார்க்கலாம்" என்கிறார் இன்னொருவர். என்ன கோளாறு, ஏன் வந்தது என்று அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

இது சரியல்ல என்பது என் கருத்து. விசிறி சுற்றி, திரையில் எழுத்தும் வருகிறது என்றால் அந்தக் கம்ப்யூட்டருக்கு உயிர் இருக்கிறது. அது பாதியில் நிற்பதற்கு, உள்ளே இருக்கும் இரண்டு சாமான்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததே காரணமாக இருக்கலாம். அதாவது அது சாவு அல்ல, சண்டை. சண்டையைத் தீர்க்கப் புதுச் சாமான் தேவையில்லை. சண்டை போடுகிறவர்களைப் பிரித்து வைத்தால் போதும்.

யாருக்கு நஷ்டம்?

வசதி உள்ளவர்களுக்கு இது ஒரு நாள் தொல்லை. பழையதை மூலையில் போட்டுவிட்டுப் புதியதை வாங்கிவிடுவார்கள்.

மாதச் சம்பளக்காரர் வீடு அப்படி அல்ல. அங்கே கம்ப்யூட்டர் தவணை கட்டி வாங்கியதாக இருக்கும். 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. லட்சக்கணக்கான பிள்ளைகள் அதைப் பெற்றார்கள். பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவருக்கு அந்த ஒரு பெட்டிதான் பிழைப்பு. அது ஒரு வாரம் கடையில் கிடந்தால் அவருக்கு ஒரு வார வருமானம் போயிற்று.

பணத்தையாவது திரும்பச் சம்பாதிக்கலாம். மகளின் கல்யாணப் படங்கள், காலமான தாத்தாவின் புகைப்படம், கல்லூரிப் பிள்ளை மூன்று மாதமாக எழுதிய பாடக் கட்டுரை ஆகியவை எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. காரணம் தெரியாமல் "பார்மட்" செய்தால் அத்தனையும் போய்விடும். சாமான்களின் சண்டைதான் கோளாறு என்றால், பார்மட் செய்த பிறகும் கம்ப்யூட்டர் அதே இடத்தில்தான் நிற்கும். படமும் போய், பணமும் போய், நோய் மட்டும் மிச்சம்.

காலை ஆஜர்

ஸ்விட்சைப் போட்டதும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

பள்ளிக்கூடத்தில் காலையில் வாத்தியார் ஆஜர் எடுக்கிறார் அல்லவா? அதே காரியம்தான் இங்கேயும் நடக்கிறது. மதர்போர்டில் "பயாஸ்" என்ற சிறிய நிரந்தரப் புரோகிராம் ஒன்று உண்டு. அதுதான் வாத்தியார். "பிராசஸர் வந்தாயிற்றா? ரேம் வந்தாயிற்றா? திரைக்குப் படம் அனுப்பும் கார்டு வந்தாயிற்றா? கீபோர்டு? ஹார்டு டிஸ்க்?" என்று அது ஒவ்வொன்றாகக் கூப்பிடும். எல்லாம் சரியாக இருந்தால் வேலையை விண்டோஸிடம் ஒப்படைக்கும். விண்டோஸ் மறுபடியும் ஒவ்வொரு சாமானையும் எழுப்பும். அப்படி எழுப்புவதற்கு ஒவ்வொன்றுக்கும் "டிரைவர்" என்ற புரோகிராம் இருக்கிறது.

வகுப்பில் ஒரு பையன் "உள்ளேன் ஐயா" என்றும் சொல்லாமல், வராமலும் போகாமல், வாயில் எதையோ வைத்துக்கொண்டு முழித்தால் என்ன ஆகும்? வாத்தியார் அவன் முகத்தைப் பார்த்தபடியே நிற்பார். மற்ற நாற்பது பிள்ளைகளும் காத்திருக்க வேண்டியதுதான். கம்ப்யூட்டர் பாதியில் நிற்பதும் இப்படித்தான். ஏதோ ஒரு சாமான் பதில் சொல்லவில்லை. அல்லது இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே பெயருக்குப் பதில் சொல்கிறார்கள்.

ஒரே மணி, இரண்டு கை

இந்தச் சண்டை புதிதல்ல. கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே இருக்கிறது.

1981-ல் ஐ.பி.எம். கம்பெனி அமெரிக்காவில் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. நம் மேஜைகளில் இருக்கும் பெட்டிகளுக்கு அதுதான் பாட்டன். அதில் ஓர் ஏற்பாடு இருந்தது. ஒரு சாமானுக்கு வேலை ஆகவேண்டும் என்றால், அது மணி அடித்து பிராசஸரைக் கூப்பிட வேண்டும். கீபோர்டில் ஓர் எழுத்தை அழுத்தினால் கீபோர்டின் மணி அடிக்கும். பிராசஸர் கையில் உள்ள வேலையை நிறுத்திவிட்டு, "என்ன வேண்டும்?" என்று கேட்கும். இதற்கு "இன்டரப்ட்" என்று பெயர்.

அந்த முதல் கம்ப்யூட்டரில் எட்டே மணிகள்தான் இருந்தன. 1984-ல் வந்த ஏ.டி. ரகத்தில் இன்னும் எட்டு சேர்த்தார்கள். பழைய எட்டையும் புதிய எட்டையும் இணைக்கவே ஒரு மணி செலவாகிவிட்டது. மிச்சம் 15. அதில் கடிகாரத்துக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று, பிளாப்பிக்கு ஒன்று, ஹார்டு டிஸ்குக்கு ஒன்று என்று முன்பே பங்கு போட்டாயிற்று. புதிதாக வாங்கிய கார்டுக்கு மணி தேடுவது, கல்யாண வீட்டில் பந்தியில் இடம் தேடுவது போல ஆனது.

ஏழாம் எண் மணி பிரிண்டருக்கு உரியது. பாட்டுக் கேட்க வாங்கிய சவுண்டு கார்டையும் சிலர் அதே ஏழில் வைத்துவிடுவார்கள். நான்காம் எண் மணியின் கதை இன்னும் வேடிக்கை. கம்ப்யூட்டரின் முதலாம் சீரியல் போர்ட்டுக்கும் மூன்றாம் சீரியல் போர்ட்டுக்கும் வழக்கமாக அந்த ஒரே மணிதான். முதலாவதில் மவுஸ் இருக்கும். மூன்றாவதில் மோடத்தை வைத்தால் வந்தது வினை. மோடம் டெலிபோன் லைனைப் பிடித்ததும் மவுஸ் உறைந்துபோகும். சில சமயம் கம்ப்யூட்டரே நின்றுவிடும். மணி அடிக்கிறது, ஆனால் அடித்தது யார் என்று வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை!

இங்கேதான் நாம் கவனிக்கவேண்டிய விஷயம் இருக்கிறது. அந்த மவுஸும் கெடவில்லை, அந்த மோடமும் கெடவில்லை. தனித்தனியே வைத்தால் இரண்டும் ஒழுங்காக வேலை செய்யும். "மோடம் போய்விட்டது" என்று புதிய மோடம் வாங்கி அதே இடத்தில் வைத்தால், அதுவும் நின்றுவிடும். எத்தனை புதுச் சாமான் வாங்கினாலும் தீராத நோய் அது. கார்டின் மேல் இருந்த "ஜம்பர்" என்ற சின்னஞ்சிறு தொப்பியைக் கழற்றி, அடுத்த ஊசிகளில் மாட்டினால் தீர்ந்துவிடும். செலவு ஒரு காசுகூட இல்லை.

மேடையிலே நடந்த கூத்து

பிறகு நிபுணர்கள் இதற்கு வழி தேடினார்கள். 1992-ல் வந்த பி.சி.ஐ. என்ற ஏற்பாட்டில், பல சாமான்கள் ஒரே மணியை முறையாகப் பகிர்ந்துகொள்ள முடிந்தது. 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தது. "பிளக் அண்ட் ப்ளே" என்று விளம்பரம் செய்தார்கள். அதாவது, செருகு, உடனே வேலை செய்யும் என்று அர்த்தம். செருகிப் பார்த்த ஜனங்கள் அதற்கு "பிளக் அண்ட் பிரே" என்று வேறு பெயர் வைத்தார்கள். செருகு, சாமியைக் கும்பிட்டுக்கொள் என்று அர்த்தம்!

1998 ஏப்ரல் 20-ந் தேதி சிகாகோ நகரில் கம்ப்யூட்டர் கண்காட்சி நடந்தது. மைக்ரோசாப்ட் கம்பெனித் தலைவர் பில் கேட்ஸ் மேடையில் நின்றார். விண்டோஸ் 98 எவ்வளவு சுலபமானது என்று காட்ட, அவருடைய உதவியாளர் ஒரு ஸ்கேனரைச் செருகினார். அடுத்த நிமிஷம் திரை முழுவதும் நீல நிறம், கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள், கை தட்டினார்கள். பில் கேட்ஸும் சமாளித்துச் சிரித்தார்.

அத்தனை நிபுணர்கள் இருந்த இடத்திலேயே ஒரு சாமானைச் செருகியதும் கம்ப்யூட்டர் நின்றது. அந்தக் கம்ப்யூட்டரை யாரும் குப்பையில் போடவில்லை. நம் வீட்டில் நின்றால் மட்டும் ஏன் பதற வேண்டும்?

இன்றைய சண்டைகள்

இன்றைய கம்ப்யூட்டர்களில் மணிச் சண்டை மிகவும் குறைந்துவிட்டது. அதற்குப் பதில் வேறு சண்டைகள் இருக்கின்றன.

வேகம் போதவில்லை என்று புதிய ரேம் ஒன்றை வாங்கிப் பழையதோடு சேர்க்கிறோம். இரண்டும் வேறு வேறு வேகம், வேறு வேறு தயாரிப்பு. சில மதர்போர்டுகள் இரண்டையும் சமாளித்துவிடும். சில முழித்துக்கொண்டு நிற்கும்.

பிள்ளை விளையாடுவதற்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டு வாங்கி மாட்டுகிறோம். அது கேட்கும் மின்சாரத்தைப் பழைய பவர் சப்ளையால் கொடுக்க முடிவதில்லை. அல்லது பழைய கார்டின் டிரைவர் போகாமல் உள்ளேயே இருந்து, புதியதோடு மல்லுக்கு நிற்கிறது.

பென் டிரைவைச் செருகியபடியே மறந்துவிடுகிறோம். மறுநாள் கம்ப்யூட்டர், விண்டோஸ் அதில்தான் இருக்கிறது என்று நினைத்துத் தேடிக்கொண்டே நின்றுவிடுகிறது.

சில மதர்போர்டுகளில் "எம் 2" என்ற புதிய ரக டிஸ்கைச் செருகினால், பழைய ரக டிஸ்குக்கு உரிய ஓர் இணைப்பு தானாகவே வேலை நிறுத்தம் செய்துவிடும். இது கோளாறே அல்ல, தயாரிப்பிலேயே உள்ள ஏற்பாடு. கூட வரும் புத்தகத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்தப் புத்தகத்தை நாம் பிரிப்பதில்லை.

இவற்றில் எதற்கும் "மதர்போர்டு போச்சு" என்பது பதில் அல்ல.

வீட்டிலேயே என்ன செய்யலாம்?

இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும். தாய்மார்களும் செய்யலாம், பத்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யலாம்.

முதலில், எங்கே நிற்கிறது என்று பாருங்கள். விளக்கே எரியவில்லை என்றால் அது மின்சாரக் கோளாறு. கம்பெனியின் பெயரோடு நின்றால், பயாஸ் ஆஜர் எடுக்கும்போதே யாரோ முரண்டு பிடித்திருக்கலாம். சுற்றும் புள்ளிகள் வந்த பிறகு நின்றால், டிரைவர் அல்லது டிஸ்க் மேல் சந்தேகம் கொள்ளலாம். பார்த்ததை ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள்.

இரண்டாவதாக, வீட்டில் எல்லோரையும் கேளுங்கள்: "கடைசியாக என்ன புதிதாகச் செருகினீர்கள்? என்ன புதிதாக ஏற்றினீர்கள்?" பல சமயம் இந்த ஒரு கேள்வியே திருடனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவதாக, வெளியே செருகியிருக்கும் பிரிண்டர், பென் டிரைவ், கேமரா, ஸ்பீக்கர், கூடுதல் டிஸ்க் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். கீபோர்டு, மவுஸ், திரை மட்டும் இருக்கட்டும். இப்போது ஸ்விட்சைப் போடுங்கள். கம்ப்யூட்டர் ஓடினால் பாதி வெற்றி. அணைத்துவிட்டு, பிடுங்கியவற்றில் ஒன்றை மட்டும் செருகி மறுபடி போடுங்கள். அது சரியென்றால் அடுத்தது. எதைச் செருகியபோது நிற்கிறதோ, சண்டைக்காரன் அதுதான். இரண்டை ஒரே சமயத்தில் செருகாதீர்கள். செருகினால் எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும்.

நான்காவதாக, வெளியே குற்றவாளி இல்லை என்றால் உள்ளே பார்க்கவேண்டும். மேஜைக் கம்ப்யூட்டராக இருந்தால் பிளக்கையே சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். அதன்பின் ஸ்விட்சைச் சில விநாடி அமுக்கிப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நம் உடம்பில் உள்ள நிலைமின்சாரம் சாமானைக் கெடுக்காமல் இருக்க இது உதவும். ரேம் இரண்டு இருந்தால் ஒன்றை மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள். பிறகு மற்றொன்றை மட்டும் வைத்துப் பாருங்கள். கழற்றி, துடைத்து, அழுத்தி மாட்டியதிலேயே சரியாகிவிடுவதும் உண்டு.

ஐந்தாவதாக, கம்ப்யூட்டரில் தேதியும் நேரமும் பல வருஷம் பின்னால் போயிருக்கிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் மதர்போர்டில் உள்ள காசு போன்ற வட்டமான 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கலாம். மேஜைக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் சி.ஆர். 2032 என்ற ரகம் இருக்கும். அது தீர்ந்தால் பயாஸ் தன் குறிப்புகளை மறந்துவிடும். டிஸ்கை எந்த முறையில் எழுப்புவது என்பதும் மறந்துபோய், விண்டோஸ் பாதியில் நிற்கலாம்.

ஆறாவதாக, "சேஃப் மோட்" என்று ஒரு வழி உண்டு. நோயாளிக்குக் கஞ்சி கொடுப்பது போல, அவசியமான டிரைவர்களை மட்டும் வைத்து விண்டோஸை எழுப்பும் முறை இது. விண்டோஸ் 10, 11 ரகங்கள் அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை எழ முடியாமல் போனால், பழுது பார்க்கும் திரை தானாகவே வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று வரிசையாகப் போய், கடைசியில் 4 என்ற எண்ணை அழுத்தினால் போதும். சில கம்ப்யூட்டர்கள் அப்போது 48 இலக்கச் சாவி எண் ஒன்றைக் கேட்கும். டிஸ்கைப் பூட்டி வைத்திருப்பதற்கான சாவி அது. கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே அதை எழுதி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

சேஃப் மோடில் கம்ப்யூட்டர் ஓடுகிறது, சாதாரணமாக ஓடவில்லை என்றால், ஒரு டிரைவர்தான் குற்றவாளியாக இருக்கக்கூடும். "டிவைஸ் மேனேஜர்" என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். சண்டைக்கார சாமானின் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஆச்சரியக்குறி இருக்கும். அதைத் திறந்தால் ஒரு குறி எண் இருக்கும். 12 என்று இருந்தால், "எனக்கு வேண்டிய இடம் காலியாக இல்லை" என்று அது முறையிடுகிறது என்று அர்த்தம். 1984-ன் மணிச் சண்டை இன்னும் முழுவதும் ஓயவில்லை, பாருங்கள்!

தொடக்கூடாதவை

ஜாக்கிரதை! பவர் சப்ளை என்ற இரும்புப் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆளை அடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். கருகிய வாசனை வந்தால் மறுபடி ஸ்விட்ச் போடாதீர்கள். மடிக்கணினியின் பேட்டரி உப்பியிருந்தால் குத்தவோ அமுக்கவோ கூடாது, அது தீப்பிடிக்கும். ஹார்டு டிஸ்கிலிருந்து டிக், டிக் என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். மறுபடி மறுபடி ஓட்டினால் உள்ளே இருப்பதும் போய்விடும். இந்த நான்கு சமயங்களிலும் விஷயம் தெரிந்த மெக்கானிக்கிடம்தான் போகவேண்டும்.

"நமக்கு எதற்கு இந்த வேலை?"

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. "நாம் என்ன இன்ஜினியரா? காசைக் கொடுத்தால் கடைக்காரர் பார்த்துக்கொள்வார்" என்பார்கள். சிலருடைய கை நடுங்கும், சிலருக்கு நேரம் இருக்காது. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எல்லோரும் பெட்டியைத் திறக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் டாக்டரிடம் போகும்போது, "மூன்று நாளாகக் காய்ச்சல், ராத்திரியில் அதிகம், நேற்று முதல் இருமல்" என்று சொல்கிறோமே! அதுபோல, "கம்பெனிப் பெயரோடு நிற்கிறது. புது ரேம் போட்ட பிறகுதான் இப்படி. வெளிச் சாமான் எல்லாவற்றையும் பிடுங்கிப் பார்த்துவிட்டோம்" என்று சொல்லத் தெரிந்தால் போதும். மெக்கானிக்குக்கும் பாதி வேலை மிச்சம். நம்மை ஏமாற்ற நினைப்பவரும் ஒரு கணம் யோசிப்பார்.

மெக்கானிக்குகள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவரவில்லை. நேர்மையாக உழைத்து, ராத்திரி வரை கண் விழித்துப் பழுது பார்ப்பவர்கள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு சாமானாகக் கழற்றிப் பார்க்க நேரம் ஆகும். அந்த நேரத்துக்குக் கூலி கொடுக்க நாம் தயங்குகிறோம். "சும்மா பார்த்ததற்கா இவ்வளவு?" என்று பேரம் பேசுகிறோம். சாமானுக்குக் கொடுக்கிறோம், மூளைக்குக் கொடுப்பதில்லை. ஆகவே அவரும் சுலபமான வழியில் போகிறார். சாமானை மாற்றிப் பில் போடுகிறார். இதில் குற்றம் இரண்டு பக்கமும் இருக்கிறது. கோளாறைக் கண்டுபிடித்துச் சொல்பவருக்கு, சாமான் எதுவும் மாற்றாவிட்டாலும் கூலி கொடுங்கள். அது நியாயமான கூலி.

கேட்டு வாங்குங்கள்

கடையில் விடும்போது மூன்று விஷயங்களைக் கேட்டுப் பெறவேண்டும்.

ஒன்று, என்ன கோளாறு என்று பில்லில் எழுதித் தரவேண்டும். "சர்வீஸ்" என்ற ஒற்றை வார்த்தை போதாது. இரண்டு, மாற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். மூன்று, நம்மைக் கேட்காமல் பார்மட் செய்யக்கூடாது. டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, உள்ளே இருப்பதைப் பிரதி எடுத்த பிறகே அந்தப் பேச்சு.

பில் கேட்பதில் கூச்சம் வேண்டாம். பில் கொடுக்காமல் இருப்பது நேர்மையற்ற வியாபார முறை என்று 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. குறை இருந்தால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து யோசனை கேட்கலாம்.

கம்ப்யூட்டர் செய்யும் கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. சில மதர்போர்டுகளில் நான்கு சிறிய விளக்குகள் வைக்கிறார்கள். பிராசஸரா, ரேமா, கிராபிக்ஸ் கார்டா, டிஸ்கா, எதில் தகராறு என்று அந்த விளக்கு எரிந்து காட்டிவிடும். கடுகளவு விளக்குகள்தான். எல்லா மதர்போர்டிலும் வைத்தால் என்ன? எந்தச் சாமான் முரண்டு பிடிக்கிறது என்று ஒரு பாமரனுக்கும் தெரியும்படி, அவன் படிக்கிற பாஷையிலேயே திரையில் எழுதினால் என்ன? ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகிறவர்கள் இதைச் செய்யக் கடமைப்பட்டவர்கள்.

குப்பைக்கு அனுப்புமுன்

2022-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் 620 லட்சம் டன் மின்னணுக் குப்பை சேர்ந்தது என்று ஐக்கிய நாடுகள் சபை அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. அதில் முறையாகச் சேகரித்துப் பிரித்ததாகக் கணக்கில் வந்தது நான்கில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சம் மண்ணிலும் தண்ணீரிலும் புகையிலும் கலக்கிறது. பழைய போர்டுகளில் இருக்கும் ஈயம் குழந்தைகளுக்கு விஷம். அந்தக் குப்பையில் உயிரோடு இருந்த பெட்டிகளும் உண்டு என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

ஆகவே வாசகர்களே, அடுத்த முறை உங்கள் கம்ப்யூட்டர் பாதியில் நின்றால், உடனே தீர்ப்பு எழுதாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், ஒவ்வொன்றாகச் செருகுங்கள். பார்த்ததை எழுதி வையுங்கள். பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் பாடத்தில் சொல்லும் சோதனை முறையும் இதுதான். பிள்ளைகள் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்.

சண்டைக்காரன் அகப்பட்டால் பணம் மிச்சம், படங்கள் பத்திரம். அகப்படாவிட்டாலும் நஷ்டம் இல்லை. எழுதி வைத்த காகிதத்தோடு கடைக்குப் போங்கள். காரணம் கேளுங்கள். காரணம் சொல்பவரிடம் வேலையைக் கொடுங்கள், கூலியையும் மனமாரக் கொடுங்கள்.